சாஸ்திரத்துக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர்

மலர்க்கொடியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. பிடிக்காத பொம்பளையைப் பற்றி ஏன் எழுத உட்கார்ந்தாய் என்று கேட்டால், அவளைப் பிடித்தவர்கள் எங்கள் கம்பெனியில் ஒருத்தரும் இல்லை, அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. என் பெயர் அழகர்சாமி. துவாக்குடியில் தகடு வெட்டி, வளைத்து, பிராக்கெட் அடிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பிரஸ் ஆபரேட்டராக இருந்தேன். பிரஸ் என்றால் அச்சடிக்கிறது இல்லை. அறுபது டன் எடையோடு மேலிருந்து இறங்கி இரும்புத் தகட்டை அப்பளம் மாதிரி அமுக்குகிற மெஷின்.

மலர்க்கொடிக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம். அவள் அப்பா மரவள்ளிக் கிழங்கு போட்டவர். பிளஸ் டூ முடித்ததும் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். காட்டூரில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் பார்க்கும் சிவசங்கர்தான் மாப்பிள்ளை. யாழினி என்று ஒரு பெண், எட்டாவது படிக்கிறாள். மலர்க்கொடி முப்பது வயதில் எங்கள் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்கு வந்தாள். அப்புறம் பிரஸ்ஸுக்கு மாற்றினார்கள். மொத்தம் பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. யாரோடும் சேர்ந்து சாப்பிடமாட்டாள். "சாப்பிட்டியா மலரு?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்பாள். திருப்பி நம்மைக் கேட்கமாட்டாள். இந்த ஒன்று போதாதா ஒரு மனுஷியைப் பிடிக்காமல் போக?

இன்னொரு பழக்கம் உண்டு. எழுத்து என்று எதைப் பார்த்தாலும் படிப்பாள். வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட எண்ணெயைப் பிழிந்துவிட்டுப் படிப்பாள். கிரீஸ் டப்பாவின் பின்பக்கம், மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்து, எதையும் விடமாட்டாள்.

"ஏம்மா, இதையெல்லாம் எவனாவது படிப்பானா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"படிக்கத்தானே அச்சடிச்சிருக்காங்க?" என்றாள்.

எங்கள் முதலாளி ஹரிஹரசுதன் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் காரில் வருவார். கெட்டவர் இல்லை. அதற்காக நல்லவர் என்றும் சொல்லமாட்டேன். எங்களிடம் பிராக்கெட் வாங்கும் சென்னைக் கம்பெனிக்காரர்கள் போன வருஷம் சோதனைக்கு வருவதாகச் சொன்னார்கள். பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒருத்தர் பெயர் போர்டில் இருக்க வேண்டுமாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "வாயைத் திறக்காத ஆளா ஒருத்தர் பேரு சொல்லுங்க அழகரு" என்றார். மலர்க்கொடி பெயரைச் சொன்னது நான்தான்.

அவளைக் கூப்பிட்டார். "இது சும்மா சாஸ்திரத்துக்குத்தாம்மா. பேரு போர்டுல இருக்கும், அவ்வளவுதான். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

எங்கள் கம்பெனியில் அதிகம் புழங்குகிற வார்த்தை அதுதான். கண்ணாடி அலமாரியில் சாஸ்திரத்துக்குப் பன்னிரண்டு ஹெல்மெட். சுவரில் சாஸ்திரத்துக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குள் காலியான தலைவலித் தைல பாட்டில் ஒன்று. சிவப்பு வாளியில் சாஸ்திரத்துக்கு மணல், அதில் வெற்றிலை எச்சில். அந்த வரிசையில் அவளும் ஒன்று என்று நாங்கள் நினைத்தோம். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, "சரிங்க சார். நாலாம் நம்பர் மெஷினுக்கு ஒரு புத்தகம் வந்துச்சே, அதைக் குடுங்க" என்றாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

நாலாம் நம்பர்தான் என் மெஷின். அதற்கு மட்டும் சென்சார் உண்டு. இரண்டு பக்கமும் இரண்டு மஞ்சள் கம்பம். ஒரு கம்பத்தின் கண்ணிலிருந்து இன்னொரு கம்பத்தின் கண்ணுக்குக் கண்ணில் படாத வெளிச்சம் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கை போனால், மேலிருந்து இறங்கும் ராம் என்கிற இரும்புப் பாளம் அந்தரத்தில் நின்றுவிடும். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. மலர்க்கொடி மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நாற்பது பக்கத்தையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள். எவனாவது கேட்டானா?

ஆயுத பூஜை வந்தது. அந்த வாரம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று மலர்க்கொடி லீவு. மெஷினையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டோம். ரஞ்சித் என்று ஒரு பையன், இருபத்தாறு வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம், எனக்குப் பக்கத்து மெஷின். அவன்தான் சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தான். சென்சார் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கு நெற்றிக்கண் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கண்ணிலும் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். கற்பூரம் காட்டியதும் நாலாம் நம்பர் டைக்குள், அதாவது தகட்டை வைக்கிற அச்சுக்குள், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து ஒரு அடி அடிப்போம். பழம் நசுங்கினால்தான் பூஜை முடிந்ததாக அர்த்தம். ஐயர் மணி அடிக்கிறார், முதலாளி கை கூப்பி நிற்கிறார், நான் பெடலை மிதிக்கிறேன், மெஷின் இறங்கவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது. இன்னொரு தடவை மிதித்தேன். இறங்கவில்லை. கண்ணில் சந்தனம் இருந்தால் அது எப்படி இறங்கும்?

"துடைச்சு விடுறேன் சார்" என்றேன்.

"பூஜைப் பொட்டைத் துடைக்கிறதாவது!" என்று முதலாளி பதறினார். "நல்ல நாளும் அதுவுமா பழம் நசுங்காம நின்னா அபசகுனம். சாஸ்திரத்துக்கு ஒரு அடி அடிச்சிருங்க. ஏதாவது பண்ணுங்க அழகரு."

நான் பேனல் பெட்டியைத் திறந்து, சென்சார் வயர் வருகிற இடத்தில் ஒரு சாண் வயரைக் குறுக்கே செருகினேன். கண் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் மெஷினுக்கு இனி ஒன்றுதான். மிதித்தேன். ராம் இறங்கியது. பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பூஜைப் பொட்டு தானாக உதிரும் வரை கை வைக்கக்கூடாது. பொட்டு இருக்கும் வரை வயரும் இருந்தாக வேண்டும். இருந்தது. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தபோதுதான் அதன் ருசி தெரிந்தது. சென்சார் இருந்தால் ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் கையை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ராம் மேலே ஏறும்போதே அடுத்த தகட்டை வைத்துவிடலாம். அன்றைய கோட்டா நாலரைக்கே முடிந்தது. நான் முடித்தால்தான் ரஞ்சித் முடிக்க முடியும், அவன் முடித்தால்தான் பேக்கிங் முடியும். இருபது வருஷமாக ஆறரை மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன கும்பல் முதல் தடவையாக ஐந்து மணி பஸ்ஸில் உட்கார்ந்து போனது. சொர்க்கம் என்று வேறு எங்கேயாவது இருக்கிறதா?

திங்கள்கிழமை மலர்க்கொடி வந்தாள். என் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கம்பத்தையே பார்த்தாள்.

"அண்ணே, கண்ணு ரெண்டும் மூடியிருக்கு. மெஷின் ஓடுது."

"அதுக்கென்ன இப்ப?"

"மூடியிருந்தா ஓடக்கூடாது. ஓடுதுன்னா அதை யாரோ ஏமாத்தியிருக்காங்க."

அவள் போய் ஒரு ஈரத்துணியை எடுத்துவந்து, இருபத்தைந்து பேர் பார்க்க, சந்தனத்தையும் குங்குமத்தையும் வழித்துத் துடைத்தாள். எலெக்ட்ரீஷியன் இம்தியாஸை வரவழைத்து வயரைப் பிடுங்கச் சொன்னாள். பேனல் பெட்டிக்கு ஒரு பூட்டும் வாங்கி மாட்டினாள். "பொறுப்பாளர்னு என் பேரு போட்டிருக்கு. சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். முதலாளியிடம் ஓடினோம். சென்னைக்காரர்கள் எந்த நேரமும் வந்து நிற்கலாம் என்கிற பயத்தில் அவர் கையைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பழையபடி ஆறரை மணி பஸ்.

அதற்கப்புறம் நாங்கள் அவளைப் படுத்தின பாட்டைச் சொல்ல எனக்கே கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். பூஜைப் பொட்டை அழித்தவள், அவள் வீட்டில் என்ன விளங்கும் என்று அவள் காது படப் பேசினோம். மாமியாருக்குக் கண் சரியாகவில்லை என்று கேள்விப்பட்டு, "சாமி கண்ணைத் துடைச்சாள்ல" என்றோம். ரஞ்சித் அவளுக்கு 'சென்சார் அக்கா' என்று பெயர் வைத்தான். அவள் கடந்து போகும்போதெல்லாம் பையன்கள் சிவப்பு விளக்கு மாதிரி கையை உயர்த்தி அப்படியே விறைத்து நிற்பார்கள். அவள் செருப்புக்குள் கிரீஸ் தடவி வைத்தது நான். நாற்பத்தேழு வயசு எனக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். அவள் வழுக்கி, சுவரைப் பிடித்து நின்று, துணியை எடுத்துச் செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனாள். யார் செய்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்காததுதான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

நவம்பர் கடைசியில் முதலாளிக்கு ஒரு மனு எழுதினோம். சென்சார் காரணமே இல்லாமல் அடிக்கடி நிற்கிறது, வேலை கெடுகிறது, மலர்க்கொடியிடமிருந்து சாவியை வாங்கி அவரை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் மனு. எழுதியது நான். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கொடுக்கப்போவதாகச் சொன்ன நாள் வெள்ளிக்கிழமை.

அன்று காலை டீ முடிந்து மெஷினுக்கு வந்தேன். டைக்குள் ஒரு பிராக்கெட் சிக்கிக்கொண்டது. எடுக்கக் கொக்கி இருக்கிறது. அது ரஞ்சித் மெஷின்மேல் கிடந்தது, நாலு எட்டு நடக்க வேண்டும். சோம்பல்பட்டுக் கையை விட்டேன். கால் பெடல்மேல் இருந்திருக்கிறது. எப்போது மிதித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மேலே காற்று சீறும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. என் புறங்கைக்கும் ராமுக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைக்கிற இடம் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கையை வெளியே எடுத்தேன். புறங்கை முழுக்க டை எண்ணெய். மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது.

"என்னண்ணே, மறுபடி நின்னுடுச்சா அந்தச் சனியன்?" என்று ரஞ்சித் கத்தினான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷத்து ஆபரேட்டர், நேற்று வந்த பயல் மாதிரி டைக்குள் கையை விட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதைவிட, சொன்னால் அவள் ஜெயித்துவிடுவாள். அந்த ஒரு எண்ணம்தான் என் வாயை அடைத்தது.

"ஆமாடா. சும்மாவே நிக்குது" என்றேன். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன். திரும்பினால் மலர்க்கொடி நிற்கிறாள். ராம் நின்ற உயரத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

மதியம் முதலாளி ரூமில் மனுவை வைத்தோம். அவர் அவளைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டினார். அவள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அழகர்சாமி அண்ணே, காலையில உங்க கை உள்ள போச்சா இல்லையா?"

ரஞ்சித்தும் இன்னும் நாலு பேரும் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

"இல்லை" என்றேன். "அது தானா நின்னுச்சு. இதோட பத்துத் தடவை இருக்கும்."

அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "என் பேரை போர்டுல இருந்து அழிச்சிருங்க சார்" என்றாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. நாங்கள் லட்டு வாங்கிச் சாப்பிட்டோம். வயர் மறுபடி ஏறியது. ஐந்து மணி பஸ் திரும்பக் கிடைத்தது.

ஆனால் எனக்கு அந்த மெஷினுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை ராம் இறங்கும்போதும் ஒரு எட்டு பின்னால் போய்விடுவேன். தூங்கி எழுந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பேன். பத்து நாள் தாங்கினேன். பிறகு முதலாளியிடம் போய்த் தோள்பட்டை வலி என்று பொய் சொல்லி டிரில்லிங் பிரிவுக்கு மாறிக்கொண்டேன்.

"அப்ப நாலாம் நம்பருக்கு யாரைப் போடுறது?" என்று கேட்டார்.

"ரஞ்சித்தைப் போடுங்க சார். கை வேகமான பையன்" என்றேன்.

அவன் சந்தோஷப்பட்டான். நாலாம் நம்பர் என்றால் எங்களுக்குள் ஒரு மரியாதை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நான் குடித்தேன்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள், ஜனவரியில், காலை பதினோரு மணிக்கு அது நடந்தது. நான் டிரில்லிங் பிரிவிலிருந்து ஓடுவதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வலது கையில் மூன்று விரல். டைக்குள் கிடந்ததை யாரும் எடுக்க முன்வரவில்லை. இம்தியாஸ்தான் எடுத்து ஐஸில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான். ஒட்ட வைக்க முடியவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் தோள்பட்டை வலி என்று வீட்டில் படுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து விசாரணைக்கு அரசாங்க ஆய்வாளர் ஒருவர் வந்தார். முதலாளி முந்திக்கொண்டு பேசினார். சென்சார் கோளாறு, அதனால் கழற்றி வைத்திருந்தோம், தொழிலாளர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பையன் கவனக்குறைவாகக் கையை விட்டுவிட்டான். மனுவை எடுத்து நீட்டினார். ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது உங்க கையெழுத்துதானே? சென்சார் சும்மாவே நிக்கும்னு எழுதியிருக்கீங்க. கோளாறுதானா?"

ஆமாம் என்று சொன்னால் ரஞ்சித்தின் தப்பு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"கோளாறு இல்லீங்க சார். ஒரு தடவை என் கை உள்ள போச்சு. அதுதான் நிறுத்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன். வயரை மொதல்ல செருகினதும் நான்தான். செருகச் சொன்னது இவரு."

எழுதி வாங்கிக்கொண்டார். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் முதலாளி, "நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பயம் இருந்தது. ஆனால் பல மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கினது போலவும் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நேராகக் காட்டூருக்கு பஸ் ஏறினேன். மலர்க்கொடி ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ஒளிப்பானேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் உள்கதவைத் திறந்தாள், கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேம்மா" என்றேன். "என் கை உள்ள போனதை, நீ கேட்டப்ப நான் பொய் சொன்னதை, எல்லாத்தையும்."

"எப்ப சொன்னீங்க?"

"இப்பதான். நேரா இங்கதான் வரேன்."

"ரஞ்சித்துக்கு எத்தனை விரல் போச்சு?"

"மூணு."

"மூணு விரல் கழிச்சு வந்து சொல்றீங்க."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்ண்ணே. உங்க கையில எண்ணெயைப் பார்த்தேன். நீங்க இல்லைன்னப்ப, பொய்யின்னு அங்கயே கத்தியிருக்கணும். ரோஷத்துல சாவியை வச்சுட்டு வந்துட்டேன். அந்தச் சாவியை நான் விட்டிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில இருந்து ரஞ்சித் வந்த அன்னிக்கே அவன் வீட்டுக்குப் போய், என் தப்பும் இதுல இருக்குதுன்னு அவன்கிட்டயும் அவன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டு வந்தேன். நீங்க போனீங்களா?"

"இல்லம்மா. இன்னும் போகலை."

"காட்டூர் வரைக்கும் வந்து என் வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கீங்க. அவன் வீடு தெரியலையா உங்களுக்கு?"

கதவைச் சாத்திவிட்டாள். ரஞ்சித் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு.